கதவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு

குவோப்பியோ,
நவம்பர் 23, ஞாயிறு.

அன்பு மகள் ஹில்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, நீ போன மறுநாளே உன் கட்டிலைப் பிடித்துக்கொண்ட பூனை, மூவரும் சுகம். கடல் தாண்டி அங்கே கால்வேயில் நீயும், நீ எந்நேரமும் காது வைத்துக்கொண்டு நிற்கிற அந்த அறைக் கதவும் சுகமா. புதன்கிழமைதான் போனில் பேசினோமே, அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. அப்பா வேறு உனக்கு ஒரு பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறார், போகிற பெட்டியில் என் பேச்சும் கொஞ்சம் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஜனவரிக்குப் பிறகும் அந்த அறை வேண்டுமா, இல்லை படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறாயா என்று டிசம்பர் பன்னிரண்டுக்குள் சொல்ல வேண்டும் என்றாய் அல்லவா, அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிடும்.

முதலில் ஊர்ச் செய்தி. ஏரி இன்னும் உறையவில்லை, ஓரத்தில் மட்டும் மெல்லிய ஏடு கட்டியிருக்கிறது. உன் அண்ணன் ஒக்கோவின் பையனுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அப்பாவின் விரலைப் பதம் பார்த்துவிட்டான். அப்பாவின் முழங்கால் பழையபடிதான், வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார், படி இறங்கும்போது மட்டும் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுவார். எனக்கு இந்த மாதம் ஐந்தாம் நம்பர் பஸ், விடியற்கால முறை. உங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை ஓய்வறையில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. இருபத்தொரு வருஷமாக இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறேன், எனக்கு நன்றி சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் ஒருவர் நல்ல போதையில் இருந்தார். நீயாவது சொல்கிறாயா, இல்லை நடுக் கதவு வழியாக நழுவிவிடுகிறாயா. எனக்குத் தெரியும், நழுவத்தான் நழுவுவாய், என் பெண்தானே.

குளிர் தாங்கவில்லை என்று நீ சொன்னதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பில் காப்பி மேசையெல்லாம் சிந்திவிட்டது. மைனஸ் முப்பதில் பள்ளிக்கூடத்துக்குச் சறுக்கிக்கொண்டு போன பெண், பத்து டிகிரியில் நடுங்குகிறாளாம். அந்த ஊர் வீடுகளில் குளிர் வெளியே நிற்காமல் நம்மோடு சேர்ந்து உள்ளே குடியிருக்கும் என்று என்னோடு வேலை செய்கிற ஒருத்தி சொன்னாள். கம்பளிக் காலுறை நான்கு ஜோடி வைத்திருக்கிறேன், படுக்கும்போதும் போட்டுக்கொள். குடை வாங்காதே, ஏற்கனவே மூன்று உடைத்துவிட்டாய், அந்தக் கடல் காற்றுக்கு மழைக் கோட்டுதான் சரி. வைட்டமின் மாத்திரை தினமும் போடு. கடல் உயிரினங்களைப் படிக்கப் போனவள் கடலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றாயே, அது போகப் போகச் சரியாகிவிடும், ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அலை புதிதுதான்.

சரி, சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். புதன்கிழமை நீ அழுதாய். மூக்கடைப்பு என்று சொன்னாய், உன் மூக்கடைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. கூட இருக்கிற நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள், சிரிப்புச் சத்தம் அறை வரைக்கும் கேட்டது, ஒருத்தரும் என்னைக் கூப்பிடவில்லை, நான் சமையலறைக்குள் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது, என்னை யாருக்கும் பிடிக்கவில்லை, கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், பிறகு திரும்பிப் போகப் போவதில்லை என்றாய். நீ போய்ப் பேசியிருக்கலாமே என்றதற்கு, "கூப்பிடணும்னு இருந்தா அவங்களே கூப்பிட்டிருப்பாங்களேம்மா" என்றாய். எனக்கு அந்த நாலு பேர் மேல் வந்த ஆத்திரத்தில், அப்படிப்பட்டவர்களோடு இருக்க வேண்டாம், வந்துவிடு என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்கவில்லை, மறுநாளே உன் மெத்தையை பால்கனியில் காயப் போட்டேன், பூனையைத் துரத்தினேன், உனக்குப் பிடித்த அந்த நீல விரிப்பைத் தேடி எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் ஹில்லா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ அழுததில் எனக்கு வருத்தம், ஆனால் நீ வரப்போகிறாய் என்பதில் உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அப்படி ஒரு அம்மா நான். இந்த வீடு நீ இல்லாமல் அவ்வளவு வெறிச்சென்று கிடக்கிறது.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். நேற்று சனிக்கிழமை, கீழ்த்தளத்து நீராவிக் குளியல் அறையில் ஐந்து மணி நம் முறை, அது உனக்குத் தெரியும். எனக்கு வேலை முடியத் தாமதமாகும் என்பதால் அப்பாவை முன்னால் போய்க் குளிக்கச் சொல்லியிருந்தேன். ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் படியேறி வருகிறேன், நம் வீட்டுக்கும் மேல் மாடிக்கும் நடுவில் இருக்கிற படியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காலில் வெறும் காலுறை, மேலே ஒரு மெல்லிய சட்டை, முழங்காலைக் கட்டிக்கொண்டு. மேல் மாடிக்கு செப்டம்பரில் குடிவந்த பெண், வியட்நாம், பெயர் லியென், இங்கே நர்சிங் படிக்கிறாள். இதெல்லாம் நேற்றுத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் அவளை நான் மூன்று தடவை படியில் பார்த்திருக்கிறேன், மூன்று தடவையும் தபால் பெட்டியை ஏதோ அதிசயம் மாதிரி பார்த்துக்கொண்டு கடந்துவிட்டேன். என்னம்மா ஆச்சு என்று கேட்டால், குப்பை போடப் போனாளாம், கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டதாம், சாவியும் போனும் உள்ளே. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள்தான். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். ஒன்றரை மணி நேரம் என்றாள்.

அவளைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு நம் கதவைத் திறந்தால், திறந்த கதவுக்கு நேராக அப்பா நிற்கிறார். குளியல் அங்கி, தோளில் துண்டு, கையில் வாளி, கண் இருந்த இடம் கதவுத் துளைக்கு நேர் உயரம். தலை காய்ந்திருக்கிறது. என்ன வெய்யோ என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, குளிக்கவில்லையா என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "படியில ஆள் இருக்கு துயிரெ. அந்தப் பொண்ணு எழுந்து போகட்டும்னு நிக்கிறேன், இந்தக் கோலத்துல போயி அதை எதுக்குச் சங்கடப்படுத்தணும்" என்கிறார். எவ்வளவு நேரமாக என்றேன். ஐந்து மணியிலிருந்து என்றார். ஐம்பது நிமிடம், ஹில்லா. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை குளிரில் உட்கார்ந்திருக்கிறது, இந்தப் பக்கம் உன் அப்பா வாளியோடு மரியாதையாக நின்றுகொண்டிருக்கிறார். துளை வழியாக அவள் முழங்கால் வரைக்கும் தெரிந்ததாம், அந்தக் காலுறையில் கரடிப் படம் போட்டிருந்ததைக்கூடக் கவனித்திருக்கிறார், ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அந்தப் பெண் முன்னால் வேண்டாம் என்று மூடிக்கொண்டேன், அந்த மாதிரி நான் வாயை மூடிக்கொண்டது கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டாவது தடவை.

கட்டடப் பராமரிப்பு ஆளுக்கு போன் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அவளை உட்காரவைத்து, போர்வை கொடுத்து, காப்பியும் ஏலக்காய் பன்னும் வைத்தேன். அப்பா உடை மாற்றக்கூடத் தோன்றாமல் அந்த அங்கியோடே எதிரில் உட்கார்ந்திருந்தார், வாளியைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டார். அந்தப் பெண் நம் மொழியைத் திக்கித் திக்கி, ஆனால் நன்றாகவே பேசுகிறாள். துயிரெ என்று என் பெயரைச் சொன்னேன். "பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாயே வராது, அத்தைன்னு கூப்பிடட்டுமா" என்று கேட்டாள். அப்பா மாமா ஆகிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரே நிமிடத்தில் மாமாவாகிவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை, இரண்டாவது பன்னை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

அப்புறம் அவள் சொன்னதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இவ்வளவு எழுதினேன். "மூணு மாசமா இந்தக் கட்டடத்துல பாதி வீடு காலின்னு நெனச்சிட்டிருந்தேன் அத்தை. சத்தமே இருக்காது, படியில ஒரு ஆளைப் பார்க்க முடியாது. அதுகூடப் பரவாயில்ல. இன்னிக்கு உக்காந்திருந்தப்பதான் தெரிஞ்சுது, எல்லா வீட்லயும் ஆள் இருக்காங்க. காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வருது, நிக்குது, திரும்பிப் போயிடுது. என்னைப் பார்த்துட்டுத்தான் போறாங்கன்னு புரிஞ்சுது" என்றாள். அழவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஏதாவது ஒரு வீட்டில் மணி அடித்திருக்கலாமே என்றேன். "தொறக்கணும்னு இருந்தா அவங்களே தொறந்திருப்பாங்களே அத்தை" என்றாள். அந்த வார்த்தையை புதன்கிழமை நான் எங்கே கேட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அப்போதுதான் அவளோடு முதல் முறையாகப் பேசினார். வாளியைக் கீழே வைத்தார். "அது நான்தாம்மா" என்றார். "அஞ்சு மணிக்கு முன்னாடியே ரெண்டு தடவை வந்து பார்த்தேன். உனக்குத் தொந்தரவு வேணாமேன்னுதான் திரும்பிட்டேன்." அவள் அவரைப் பார்த்தாள், அங்கியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பராமரிப்பு ஆள் வந்து கதவைத் திறந்துவிட்டுப் போன பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ராத்திரி எனக்கு ஒன்றும் ஓடவில்லை, உன் ஞாபகமாகவே இருந்தேன். அந்த நாலு பேரும் நம் கட்டடத்து ஆட்கள் மாதிரி, என் பெண் படியில் உட்கார்ந்திருக்கிற லியென் மாதிரி என்றுதான் புதன்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ சொன்னதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பக்கத்து அறை ஐரிஷ் பெண் கிரான்யா, நீ போன முதல் வாரம் கதவைத் தட்டி, தேநீர் குடிக்க வருகிறாயா என்று கேட்டாள், வேண்டாம் என்றாய், ஏன் என்றால் உனக்குத் தேநீர் பிடிக்காது. மறுபடி ஒரு நாள் கேட்டாள், மறுபடி வேண்டாம் என்றாய். அவள் தேநீருக்கா கூப்பிட்டாள், அசடே. சமைப்பதற்கு முன்னால் கதவில் காது வைத்து, சமையலறையில் சத்தம் அடங்கும் வரைக்கும் காத்திருந்து, ஒருத்தரும் இல்லை என்று உறுதியானதும் போய் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டு ஓடிவந்துவிடுவேன் என்றாயே, பெருமையாக வேறு சொன்னாய், யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை என்று. நீ லியென் இல்லை ஹில்லா. நீ வாளியோடு நிற்கிற உன் அப்பா. அந்த வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து, காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வருகிறது, நிற்கிறது, திரும்பிப் போய்விடுகிறது, நம்மை அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீ உள்ளே வந்ததும் பேச்சு நிற்காமல் என்ன செய்யும்.

இதில் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நடக்கப் பழகியதிலிருந்தே உனக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். எதிர் வீட்டு ராய்லி படியிறங்கிப் போய்விட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பே மாட்டுவோம், நீ நாலு வயதில் முக்காலி போட்டு ஏறி, துளையில் கண்ணை வைத்து, "போயிட்டாங்கப்பா, வாங்க" என்று சொல்வாய், நாங்கள் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம். இங்கே அதற்குப் பெயர் நல்ல வளர்ப்பு. அங்கே அதற்கு வேறு பெயர். அது எனக்கே நேற்றுத்தான் உறைத்தது.

அதனால் புதன்கிழமை வந்துவிடு என்று சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். பாதிதான். மெத்தை காய்ந்துவிட்டது, நீல விரிப்பு போட்டாயிற்று, உனக்கு இங்கே இடம் எப்போதும் உண்டு, அந்த ஊர் பிடிக்கவில்லை என்று நீ வந்தால் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் அந்த நாலு பேரை நீ இன்னும் பார்க்கவே இல்லை, பார்க்காதவர்களைப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வாய். பார்சலில் மீன் வைத்துச் சுட்ட கறுப்பு ரொட்டி ஒன்றை அப்பா முழுசாக வைத்திருக்கிறார், சந்தைக்குப் போய் அவரே வாங்கி வந்தது. அதை அறைக்குள் ஒளித்து வைத்துத் தனியாகத் தின்னாதே. நாலு பேரும் இருக்கும் நேரம் பார்த்து, கவனி, இல்லாத நேரம் இல்லை, இருக்கும் நேரம், கெட்டில் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு போ. ரொட்டியை நடு மேசையில் வைத்து ஐந்தாக வெட்டு. வாசனைக்கு முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், அதுவே ஒரு பேச்சு. கிரான்யா தேநீர் கொடுத்தால் வாங்கிக்கொள், பிடிக்காவிட்டால் கையில் வைத்துக்கொண்டிரு, சூடாகவாவது இருக்கும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் உன் அப்பாவும் வாளியும் கதையைச் சொல், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நம் ஊர் உப்பு மிட்டாய் இரண்டு பொட்டலம் இருக்கிறது, பழகாதவர்கள் துப்பிவிடுவார்கள், அதை மட்டும் முதல் நாளே கொடுத்துவிடாதே, ஆட்களைப் பழக்கிக்கொண்டு பிறகு கொடு. இதையெல்லாம் செய்து பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் பன்னிரண்டாம் தேதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு, நான் விமான நிலையத்தில் நிற்கிறேன்.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். எழுந்து வந்தால் அப்பா கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மறுபடி கதவுத் துளையில் கண்ணை வைத்து நிற்கிறார், கையில் குப்பைப் பை. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. நேற்று அவ்வளவு நடந்தும் இந்த மனுஷன் திருந்தவில்லையே என்று வாயைத் திறக்கப் போனேன். மேல் மாடியில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, கரடிக் காலுறைக்காரி படியிறங்கி வருகிறாள், அவள் நம் மாடிக்கு வரவும் இவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அவர் கையில் இருந்தது காலிப் பை, ஹில்லா. குப்பையை நான் நேற்றே போட்டுவிட்டேன். வெளியே என்ன பேசினார்களோ தெரியாது, திரும்பி வந்தவரைக் கேட்டால் மூக்கைச் சொறிந்துகொண்டு செய்தித்தாளைப் பிரித்துவிட்டார். இப்போது நான் முடிக்கப் போகிறேன் என்றதும் பக்கத்தில் வந்து நிற்கிறார், ஓரத்தில் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறார். உனக்கே தெரியும், பிறந்தநாள் அட்டையில்கூடப் பெயருக்கு மேல் ஒரு எழுத்து எழுதாதவர்.

நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நல்லபடியாகப் பரீட்சை எழுதி, எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து இருக்க வேண்டும் என்று அம்மா உன்னை வாழ்த்துகிறேன். காலுறை போட்டுக்கொள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல், எனக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்கிறேன். கெட்டில் சத்தத்தை மறந்துவிடாதே.

என்றும் உன் அன்புள்ள அம்மா,
துயிரெ

லியெனோடு நான்கு நிமிடம் பேசினேன். ஒன்றும் ஆகவில்லை. — அப்பா